ஒளிமானியின் மின்கலம் ஏன் விரைவில் தீர்கிறது?

கைத்தொலைபேசியே படம் எடுத்துவிடும் இக்காலத்திலும், நம் தோட்டத்து வீடுகள் சிலவற்றின் கண்ணாடி அலமாரியில் பழைய படச்சுருள் கேமரா ஒன்று இருப்பதைக் காண்கிறோம். தாத்தா வாங்கியதாகவோ, பெரியப்பா விட்டுச் சென்றதாகவோ அது இருக்கும். தோட்டத்துக் கோயில் திருவிழாவையும், திருமணங்களையும், இன்று இடிக்கப்பட்டுவிட்ட லயத்து வீடுகளையும், பால்வாளியோடு நின்ற பாட்டியையும் படமாக்கித் தந்த கருவி அது. இவ்வகைக் கேமராக்கள் மீது இளையோர்க்கு மீண்டும் ஆர்வம் பிறந்துள்ளது. 2024ஆம் ஆண்டில் பென்டாக்ஸ் நிறுவனம் புதிய படச்சுருள் கேமரா ஒன்றை வெளியிட்டதே அதற்குச் சான்றாகும்.

பழைய கேமராவை எடுத்துப் பயன்படுத்த முற்படுவோர் கூறும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். "புதுப் பேட்டரி போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஐயா, அதற்குள் முள் அசைய மாட்டேன் என்கிறது" என்பர். சிலர் பேட்டரி விற்ற கடைக்காரரைக் குறை கூறுகின்றனர். சிலர் கேமரா பழுதாகிவிட்டதென்று முடிவு செய்து பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுகின்றனர். நல்ல கருவியொன்று இவ்வாறு சில வெள்ளிக்குப் போய்விடுவது வருந்தத்தக்கதாகும். மின்சாரம் எவ்வழியே போகிறது என்பதைக் கண்டறிந்த பின்னரே குற்றம் யாருடையது, பரிகாரம் யாது என்று கூற இயலும். அதனைக் கண்டறியும் முறையை மாணவர்களும் பெற்றோர்களும் விளங்கிக்கொள்ளுமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒளிமானி செய்யும் வேலை

படச்சுருளில் படம் செம்மையாகப் பதிய வேண்டுமாயின், அதன்மேல் விழும் ஒளி அளவோடு இருத்தல் வேண்டும். ஒளி மிகுந்தால் படம் வெளிறிப் போகும்; குறைந்தால் இருண்டு போகும். ஒளியின் அளவைக் கட்டுப்படுத்துவன இரண்டு. ஒன்று, லென்சினுள் இருக்கும் துளையின் அகலம். மற்றொன்று, ஷட்டர் என்னும் திரை திறந்திருக்கும் நேரம். இவ்விரண்டையும் எவ்வளவாக வைக்க வேண்டும் என்பதை நமக்கு அறிவிக்கும் உறுப்பே ஒளிமானி ஆகும். கேமராவின் சாளரத்தில் கண்ணை வைத்துப் பார்க்கும்போது ஓரத்தில் சிறு முள் ஒன்று மேலும் கீழும் அசைவதைக் காணலாம். முள் நடுவில் நிற்குமாறு துளையையும் நேரத்தையும் அமைத்துப் படம் எடுப்பது வழக்கம்.

அம்முள்ளை அசைப்பது மிகச் சிறிய மின்னோட்டம். 1960களிலும் 1970களிலும் செய்யப்பட்ட கேமராக்கள் பலவற்றில், காட்மியம் சல்பைடு என்னும் பொருளால் ஆன ஒளியுணர் கண் பொருத்தப்பட்டுள்ளது. இருளில் இப்பொருள் மின்சாரத்தை எளிதில் செல்ல விடாது. ஒளி பட்டவுடன் அதன் தடை குறைந்து மின்சாரத்திற்கு வழிவிடும். ஒளி மிகுந்தால் மின்னோட்டம் மிகும்; முள் மேலே ஏறும். ஒளி குறைந்தால் மின்னோட்டம் குறையும். முள் கீழே இறங்கும்.

இதனை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்வோம். பின்வரும் எண்கள் விளக்கத்திற்காக நாமே எடுத்துக்கொண்டவை. மின்கலத்தின் அழுத்தம் 1.5 வோல்ட், அதில் அடங்கிய மின்சாரம் 150 மில்லியாம்பியர்-மணி. வெளிச்சத்தில் ஒளிமானிச் சுற்றின் தடை 5,000 ஓம் என்றால், 1.5ஐ 5,000 ஆல் வகுக்க 0.3 மில்லியாம்பியர் மின்னோட்டம் கிடைக்கும். 150ஐ 0.3 ஆல் வகுத்தால் 500 மணி. நாளொன்றுக்கு 12 மணி நேரம் வெளிச்சம் படுமாயின், ஏறத்தாழ ஆறு வாரத்தில் மின்கலம் தீர்ந்துவிடும். இருளில் அத்தடை 15 இலட்சம் ஓமாக உயர்ந்தால் மின்னோட்டம் 0.001 மில்லியாம்பியராகிவிடும். அப்போது 150,000 மணி நேரம், அதாவது சுமார் 17 ஆண்டுகள் என்று கணக்கு வரும். அத்துணைக் காலம் மின்கலமே கெடாமல் இராது என்றாலும், வெளிச்சத்திற்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு எத்தகையது என்பதை இக்கணக்கு காட்டுகிறது அல்லவா?

தண்ணீர்த் தொட்டி காட்டும் நான்கு வழிகள்

மாணவச் செல்வங்களே, இரவில் நிரப்பிய தண்ணீர்த் தொட்டியிலிருந்து காலையில் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் காரணங்கள் நான்காக இருக்கலாம். யாரோ குழாயைத் திறந்து வைத்துவிட்டிருக்கலாம். தொட்டியில் தண்ணீர் இருந்தும் குழாய் அடைபட்டிருக்கலாம். தொட்டி முதலிலேயே முழுமையாக நிரம்பாமல் இருந்திருக்கலாம். அல்லது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குழாய் வெடித்துக் கசிந்திருக்கலாம். கேமராவின் மின்கலத்திற்கும் இந்நான்கும் பொருந்தும். எளிய காரணத்தை முதலிலும் அரிய காரணத்தை இறுதியிலும் ஆராய்வதே செலவைக் குறைக்கும் முறையாகும்.

முதற்சோதனை: குழாய் திறந்திருக்கிறதா?

பென்டாக்ஸ் கே1000 என்னும் கேமராவை எடுத்துக்கொள்வோம். 1976ஆம் ஆண்டு முதல் 1997ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட இது, படம் எடுக்கப் பழகும் மாணவர்களின் கேமரா என்று உலகின் பல நாடுகளில் பெயர் பெற்றது. இதன் ஒளிமானியை நிறுத்துவதற்குத் தனி விசை கிடையாது. லென்சின் மூடியே விசையாகும். மூடியைப் போட்டால் உள்ளே இருள் சூழும். மின்னோட்டம் மிகவும் குறைந்துவிடும். மூடியைக் கழற்றினால் ஒளிமானி விழித்துக்கொள்ளும். ஆகவே, மூடியில்லாத கே1000 கேமராவைக் கண்ணாடி அலமாரியில் அழகுக்காக வைத்தால், பகலெல்லாம் சன்னல் வெளிச்சத்தையும் இரவில் விளக்கு வெளிச்சத்தையும் அது அளந்துகொண்டே இருக்கும். பார்ப்பதற்கு யாரும் இல்லை என்றாலும் முள் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பின்புறத்துச் சாளரத்தின் வழியாகவும் ஓரளவு ஒளி உள்ளே நுழையும் என்பதால், மூடியைப் போட்டு வெளிச்சம் படாத இடத்தில் வைப்பதே சிறந்தது. மூடி தொலைந்திருந்தால் வேறொன்று வாங்கிப் போடுக. ஆண்டுதோறும் வீணாகும் மின்கலங்களின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவன்று.

பிற கேமராக்களில் விசை வேறு இடங்களில் உள்ளது. 1966ஆம் ஆண்டில் வெளிவந்த மினோல்டா எஸ்ஆர்டி 101 கேமராவின் அடிப்புறத்தில் ஒளிமானிக்கெனத் தனி விசை உண்டு. 1977ஆம் ஆண்டின் நிக்கான் எஃப்எம் கேமராவில், படச்சுருளை நகர்த்தும் நெம்புகோலைச் சற்று வெளியே இழுத்தால் ஒளிமானி இயங்கும். உள்ளே தள்ளினால் நின்றுவிடும். பைக்குள் வைக்கும்போது நெம்புகோல் வெளியே நீட்டியிருந்தால் மின்கலம் வீணாகும். 1967ஆம் ஆண்டில் வந்த ஒலிம்பஸ் டிரிப் 35 கேமராவிலோ மின்கலமே இல்லை. லென்சைச் சுற்றியுள்ள செலினியம் வளையம் ஒளியிலிருந்து தானே மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்கிறது. எனவே, நம் கையிலுள்ள கேமரா எவ்வகையைச் சேர்ந்தது, அதன் ஒளிமானி எதனால் நிற்கும் என்று அறிவதே முதல் வேலையாகும்.

இரண்டாம் சோதனை: குழாய் அடைபட்டுள்ளதா?

கேமராவின் அடியிலுள்ள வட்டமான மூடியை ஒரு நாணயத்தின் விளிம்பால் திருகிக் கழற்றுக. மின்கலத்தை வெளியே எடுத்து, அறையின் உட்புறத்தையும் மூடியின் உட்புறத்தையும் கைவிளக்கால் ஒளியடித்துப் பார்க்க. வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப் போன்ற படிவு தென்பட்டால், முன்னர் ஒரு மின்கலம் அங்கே கசிந்திருக்கிறது என்று பொருள். இப்படிவு மின்சாரத்தைத் தடுப்பதால், நல்ல மின்கலமும் தீர்ந்துபோனது போலத் தோன்றும். தீர்ந்தது என்று நாம் வீசிவிடும் மின்கலங்களுள் சில உண்மையில் தீராதவையே.

காதுக்குடையும் பஞ்சுக்குச்சியின் நுனியில் சிறிதளவு காடியை, அதாவது வினிகரைத் தொட்டு, படிவின்மீது மெல்லத் தேய்க்க வேண்டும். கசிவு காரத்தன்மை உடையது. காடி அமிலத்தன்மை உடையது. ஒன்றையொன்று தணித்துவிடும். பின்னர் நீரில் இலேசாக நனைத்த மற்றொரு பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்கு உலர விடுக. காடியை உள்ளே ஊற்றுதல் கூடாது. கத்தியால் சுரண்டுதலும் கூடாது. படிவில் கை பட்டால் உடனே கழுவிவிட வேண்டும். இவ்வேலையைப் பிள்ளைகள் தனியே செய்யாமல் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்வது முறையாகும்.

மூன்றாம் சோதனை: தொட்டி நிரம்பியிருந்ததா?

உருவத்தில் ஒன்றுபோலத் தோன்றும் மின்கலங்கள் குணத்தில் வேறுபடும். கே1000 போன்ற கேமராக்களில் போடப்படும் பொத்தான் மின்கலங்களில் எல்.ஆர்.44 என்பது ஆல்கலைன் வகை. எஸ்.ஆர்.44 என்பது வெள்ளி ஆக்சைடு வகை. முன்னது மலிவானது, ஆயினும் பயன்படப் பயன்பட அதன் அழுத்தம் 1.5 வோல்டிலிருந்து சிறிது சிறிதாக இறங்கும். பின்னது விலை கூடியது. ஆயினும் ஏறத்தாழ இறுதி வரை 1.55 வோல்டை ஒட்டி நின்று, பின்னர் விரைந்து விழும். ஒளிமானிக்கு நிலையான அழுத்தம் வேண்டுமாதலால் வெள்ளி வகையே ஏற்றது. பல நாள் கடையில் கிடந்த மின்கலம் புதிய உறையில் இருந்தாலும் பழையதுதான். உறையில் அச்சிட்டுள்ள தேதியைப் பார்த்து வாங்குக.

மின்கலம் குற்றவாளியா, கேமரா குற்றவாளியா என்று தீர்மானிக்க ஓர் எளிய ஒப்பீட்டுச் சோதனை உண்டு. ஒரே உறையிலிருந்து இரண்டு புதிய எல்.ஆர்.44 மின்கலங்களை எடுத்துக்கொள்க. மல்டிமீட்டரால் இரண்டின் அழுத்தத்தையும் அளந்து குறித்துவைக்க. ஒன்றைக் கேமராவில் இட்டு, லென்ஸ் மூடியைப் போட்டு, இருளான இடத்தில் வைக்க. மற்றொன்றை உறையிலேயே விட்டு அதே இடத்தில் வைக்க. பதினான்கு நாள் கழித்து இரண்டையும் மீண்டும் அளக்க. இரண்டும் முன்போலவே இருந்தால் கேமராவில் குற்றமில்லை. மூடியைப் போட மறப்பதே காரணம் எனலாம். இரண்டுமே இறங்கியிருந்தால் மின்கலங்கள் பழையவை. கேமராவில் இருந்தது மட்டும் இறங்கியிருந்தால் உள்ளே கசிவு உண்டு. இச்சோதனைக்கு வெள்ளி வகையைக் கொள்ளாமைக்குக் காரணம் மேலே கூறியதே. பாதி தீர்ந்த பின்னரும் அதன் அழுத்தம் புதியது போலவே காட்டும், நம்மை ஏமாற்றிவிடும்.

இவ்வாறு சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மின்கலத்தையும் மாற்றி, படிவையும் துடைத்து, இருக்கும் இடத்தையும் ஒரே நாளில் மாற்றினால், குறை நீங்கிய பின்னும் எதனால் நீங்கியது என்று நமக்குத் தெரியாது. அறிவியல் பாடத்தில் மாறிகள் என்று படிப்பது இதுவே.

நான்காம் சோதனை: மறைவான கசிவு

மல்டிமீட்டரைக் கையாளத் தெரிந்த பெரியவர்கள் மேலும் ஒரு சோதனை செய்யலாம். கே1000 போன்ற கேமராக்களில் மின்கல அறையின் மூடி வழியாகவே மின்சுற்று நிறைவடைகிறது. அம்மூடியைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை மில்லியாம்பியர் அளவில் வைத்து, ஒரு முனையை வெளியே தெரியும் மின்கலத்தின் முகத்திலும் மற்றொரு முனையை மூடி திருகும் உலோக விளிம்பிலும் தொடுக. இப்போது மின்னோட்டம் முழுவதும் மல்டிமீட்டரின் வழியே செல்லும். லென்சை வெளிச்சத்தில் காட்டினால் எண் உயரும். மூடியைப் போட்டால் சுழியத்தை நோக்கி இறங்கும். அவ்வாறு இறங்கினால் கேமரா நலமாக உள்ளது. மூடியைப் போட்ட பின்னும் எண் இறங்காமல் நின்றால், உள்ளே எங்கோ மின்சாரம் கசிகிறது. மல்டிமீட்டர் இவ்வளவில் இருக்கும்போது அதன் இரு முனைகளையும் மின்கலத்தின் இரு துருவங்களில் நேராகத் தொடுதல் ஆகாது. அது குறுக்குச்சுற்றாகிவிடும்.

உள்ளே கசிவு இருப்பதாக உறுதியானால் நாமே கேமராவைப் பிரிக்க முற்படுதல் கூடாது. பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்லும்போது, "பேட்டரி நிற்கவில்லை" என்று மட்டும் கூறாமல், நாம் செய்த சோதனைகளையும் கண்ட எண்களையும் எழுதிக் கொடுத்தால் அவர் வேலை எளிதாகும். நம் செலவும் குறையும்.

பாதரச மின்கலம் பற்றி ஒரு சொல்

மினோல்டா எஸ்ஆர்டி 101 போன்ற கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச மின்கலத்திற்கென அமைக்கப்பட்டவை. பாதரசம் நஞ்சாதலால் அவை கைவிடப்பட்டன. அமெரிக்கா 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதரச ஆக்சைடு பொத்தான் மின்கலங்களின் விற்பனையைத் தடுத்தது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அவற்றுக்குப் பதிலாக இன்று துத்தநாக-காற்று மின்கலத்தைச் சிலர் போடுகின்றனர். காது கேட்கும் கருவியில் பயன்படுவது இவ்வகையே. இதன் அழுத்தம் பழையதற்கு நெருங்கி வரும். ஆயினும் இதன்மீதுள்ள ஒட்டுத்தாளை நீக்கிக் காற்றுப் பட்டவுடன் இதன் ஆயுள் குறையத் தொடங்கும். பயன்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் சில மாதங்களில் தீர்ந்துவிடும். இதனைக் கேமராவின் குற்றம் என்று எண்ணிவிடலாகாது.

பழைய கேமராவினுள் பாதரச மின்கலம் கிடைத்தால் அதனைக் குப்பையோடு சேர்த்து எரிப்பது பெருந்தீங்காகும். பாதரச ஆவி மூச்சில் கலந்துவிடும். அதனைத் தனியே ஒரு புட்டியில் இட்டு மூடி, மின்கழிவு பெறும் இடத்தில் ஒப்படைத்தல் வேண்டும்.

இருளும் ஈரமும்

இருளில் வைத்தால் மின்கலம் காக்கப்படும் என்றோம். ஆனால், நம் நாட்டின் ஈரப்பதத்தில், காற்றோட்டமில்லாத இருட்டுப் பெட்டியில் கிடக்கும் லென்சில் பூஞ்சை படரும். தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் அதனுள் நெடுநாள் வைப்பதும் நன்றன்று. காற்றுப் புகாத நெகிழிப் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலங்களை இட்டு, அதில் கேமராவை வைப்பதே இரண்டிற்கும் ஏற்ற வழி. ஒரு மாதத்திற்கு மேல் பயன்படுத்தப் போவதில்லை எனில் மின்கலத்தைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். கசிவினால் வரும் கேடும் இதனால் தவிர்க்கப்படும்.

மின்கலம் தீர்ந்த நாளில்

பள்ளி விளையாட்டுப் போட்டி நடக்கும் நாளில் முள் நின்றுவிட்டால் என் செய்வது? கே1000, எஸ்ஆர்டி 101, நிக்கான் எஃப்எம் ஆகியவற்றில் மின்கலம் ஒளிமானிக்கு மட்டுமே உரியது. ஷட்டர் வில்லின் விசையால் இயங்குவதால், மின்கலம் இன்றியும் படம் எடுக்கலாம். 1976ஆம் ஆண்டின் கேனான் ஏஇ-1 போன்றவற்றில் மட்டும் ஷட்டரும் மின்கலத்தையே நம்பியிருக்கும்.

ஒளிமானி இல்லாதபோது கைக்கணக்கு ஒன்று உதவும். 400 வேகப் படச்சுருளாயின் நேரத்தை 1/500 நொடியில் வைக்க. கூரிய நிழல் விழும் நல்ல வெயிலில் துளை எண் 16. மேகம் மூடி நிழல் தெரியாதபோது 8. திறந்த வெளியில் மரநிழலில் நிற்போர்க்கு 4. நூறு வேகப் படச்சுருளாயின் நேரத்தை 1/125 நொடியாக மாற்றிக்கொள்க. துளை எண்கள் மாறா. முப்பத்தாறு படங்களே உள்ள சுருள் ஒன்றை வீணாக்காமல் காக்க இக்கணக்கு போதும்.

சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில்

இறுதியாகக் கூறுவது எல்லாவற்றினும் முதன்மையானது. பொத்தான் மின்கலம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் அகலமே உடையது, பளபளப்பானது, மிட்டாய் போலத் தோன்றும். ஒளிமானிக்குப் போதாத மின்கலத்திலும் மின்சாரம் சிறிது எஞ்சியிருக்கும். குழந்தை அதனை விழுங்கினால், உடலின் ஈரமே மின்சுற்றை நிறைவு செய்து, உணவுக்குழாயின் சதையைச் சில மணி நேரத்தில் வேகச் செய்துவிடும். மூக்கிலோ காதிலோ நுழைத்துக்கொண்டாலும் இதே கேடு விளையும். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், வலி வருகிறதா என்று காத்திராமல், உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்க. வண்டி இல்லையேல் 999க்கு அழைக்க. தீர்ந்த மின்கலங்களைச் சன்னல் திட்டில் வைக்காமல், ஒவ்வொன்றையும் ஒட்டுநாடாவால் சுற்றி, பிள்ளைகளின் கைக்கெட்டாத உயரத்தில் மூடியுள்ள புட்டியில் இட்டு வைத்தல் பெற்றோரின் கடமையாகும்.

மாணவச் செல்வங்களே! வரும் விடுமுறையில் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். அங்கே கேமரா ஒன்று இருப்பின், பெற்றோரின் அனுமதியோடு முதலில் லென்ஸ் மூடி உள்ளதா என்று பாருங்கள். பின்னர் மேற்கூறிய சோதனைகளை வரிசைப்படி செய்து, தேதியையும் கண்ட எண்களையும் ஒரு பயிற்றுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். பள்ளி திறந்ததும் அக்குறிப்புகளை அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். இன்று தோட்டத்தில் உங்களோடு வாழும் தாத்தா பாட்டியரை அதே கேமராவால் ஒரு படம் எடுத்து வைப்பீர்களாயின், நீங்கள் செய்த சோதனைக்கு அதனினும் சிறந்த பயன் வேறில்லை.